ஐம்பத்தோராவது பெண்

வசம்புக்குத் தமிழில் ‘பிள்ளை வளர்ப்பான்’ என்று இன்னொரு பெயர் உண்டு. நூறு ஆண்டுகளுக்கு முன்னால் பம்பாயின் மில் வட்டாரங்களில் பிள்ளை வளர்த்தது வேறொரு மருந்து. ‘பால கோலி’ என்று கடைகளில் கிடைத்த சின்ன உருண்டை அது. உள்ளே இருந்தது அபின். காலையில் மில்லுக்குக் கிளம்பும் தாய் அதில் ஒன்றைக் குழந்தையின் நாக்கில் வைத்துவிட்டுப் போவாள். குழந்தை அழாது, பால் கேட்காது, தவழ்ந்து அடுப்புப் பக்கம் போகாது. பத்து மணி நேர வேலை முடித்துத் தாய் திரும்பும்போதும் பாதி மயக்கத்தில் கிடக்கும்.

1920களின் தொடக்கத்தில் பம்பாய் அரசு, டாக்டர் பார்ன்ஸ் என்ற பெண் மருத்துவரை அமர்த்தி மில் தொழிலாளிப் பெண்களின் பிரசவ நிலையை ஆராயச் சொன்னது. அவர் ‘சால்’ எனப்படும் ஒற்றை அறைக் குடியிருப்புகளில் ஏறி இறங்கி எழுதிய அறிக்கையில் அபின் பழக்கம் பெரிய இடத்தைப் பிடித்தது. அறியாமை, கல்வியின்மை என்று அதைச் சொல்லிவிட்டுப் போகலாம். அன்று பலரும் அப்படித்தான் சொன்னார்கள். ஆனால் அந்தத் தாயின் கணக்கு எளிமையானது. குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஊரிலிருந்து மாமியாரைக் கூட்டிவர அறையில் இடமில்லை. ஆள் வைத்தால் கூலியில் பாதி போய்விடும். வேலையை விட்டால் முழுக் கூலியும் போய்விடும். மிச்சமிருந்ததில் மலிவானது உருண்டைதான்.

வேலைக்குப் போகும் தாயின் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் செலவை யார் ஏற்பது என்ற கேள்வி இந்தியாவில் சட்டத்தின் வாசலுக்கு வந்தது இந்த அபின் வழியாகத்தான்.

ஐரோப்பாவில் அந்தக் கேள்விக்கு ஏற்கெனவே ஒரு பதில் இருந்தது. பாரிஸ் நகரில் ஃபிர்மாங் மார்போ என்ற நகராட்சி நிர்வாகி ஏழைக் குழந்தைகளுக்கான பள்ளிகளைப் பார்வையிடப் போனார். இரண்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு அங்கே இடம் இருந்தது. அதற்குக் கீழே இருப்பவர்களை யார் பார்க்கிறார்கள் என்று தேடியபோது யாருமே இல்லை என்று தெரிந்தது. 1844 நவம்பரில் ஷையோ பகுதியில் அவர் ஒரு காப்பகம் திறந்தார். ‘கிரெஷ்’ என்று பெயர் வைத்தார். மாட்டுத் தொழுவத்தின் தீவனத் தொட்டியைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல் அது. ஏசு பிறந்ததும் கிடத்தப்பட்ட இடம் என்பதால் கிறித்தவக் காதுக்கு இனிமையானது. தாய் நாளொன்றுக்கு 20 சாந்தீம் கொடுக்க வேண்டும், மிச்சச் செலவை நன்கொடையாளர்கள் ஏற்பார்கள். பால்குடிக் குழந்தை என்றால் தாய் வேலைக்கு நடுவே வந்து பாலூட்டிவிட்டுப் போக வேண்டும். இன்று சென்னையில் ‘கிரீச்’ என்று எழுதி மாட்டியிருக்கும் பலகைகளுக்கெல்லாம் மூதாதை ஷையோவில் இருந்த அந்த அறைதான்.

மார்போவின் ஏற்பாட்டில் தாயும் கொடுத்தாள், ஊரும் கொடுத்தது. முதலாளி கொடுக்கவில்லை. இந்தியாவுக்கு வந்தபோது கணக்கு தலைகீழானது.

பம்பாய் மாகாணத்தில் பேறுகால உதவிச் சட்டம் விவாதத்துக்கு வந்தது 1928இல். அந்த ஜூலையில் மாகாணச் சட்டசபையில் அம்பேத்கர் பேசினார். பேறுகாலத்தில் தாய்க்கு ஓய்வு கிடைப்பது நாட்டின் நலனுக்கானது, மக்கள் நலனைக் காப்பது முதலில் அரசின் வேலை, ஆகவே இந்தச் சுமையில் பெரும் பங்கை அரசே ஏற்பதுதான் முறை என்பது அவருடைய வாதம். பெண்ணின் உழைப்பால் லாபம் பெறும் முதலாளிக்குப் பொறுப்பே இல்லை என்று அவர் விட்டுவிடவும் இல்லை. இரண்டு பக்கமும் கைவைக்க வேண்டும் என்றார். அடுத்த ஆண்டு வந்த சட்டம் ஒரு பக்கத்தில் மட்டும் கை வைத்தது. செலவு முழுவதும் முதலாளியின் தலையில். சென்னை மாகாணம் 1934இல் கொண்டுவந்த பேறுகாலச் சட்டமும் அதே வழியில் போனது.

இதற்கிடையில் 1929இல் அமைக்கப்பட்ட ராயல் தொழிலாளர் கமிஷன், விட்லி தலைமையில் நாடு முழுக்கச் சுற்றி 1931இல் அறிக்கை கொடுத்தது. பெண்கள் அதிகம் வேலைசெய்யும் ஆலைகளில் குழந்தைகளுக்கு ஓர் அறை வேண்டும் என்றது. 1934 தொழிற்சாலைச் சட்டம் அதை ஒரு பிரிவாக்கியது: 50 பெண்களுக்கு மேல் வேலைசெய்யும் ஆலைகளில் அவர்களுடைய ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்காக அறை ஒதுக்கும்படி மாகாண அரசுகள் விதி செய்யலாம். ‘செய்யலாம்’ என்பது 1948இல் ‘வேண்டும்’ ஆனது. விடுதலை பெற்ற இந்தியாவின் தொழிற்சாலைச் சட்டத்தில் பிரிவு 48 காப்பகத்தைக் கட்டாயமாக்கியது. எண் மட்டும் மாறவில்லை. 50 பெண்களுக்கு மேல்.

அந்த அறை எப்படி இருக்க வேண்டும் என்று மாநில விதிகள் சொல்வதைப் படித்தால் எழுதிய அதிகாரி வீட்டில் கைக்குழந்தை இருந்திருக்குமோ என்று தோன்றும். ஒரு குழந்தைக்கு 20 சதுர அடி இடம். ஒவ்வொன்றுக்கும் தனித் தொட்டில் அல்லது கட்டில், படுக்கை விரிப்போடு. பாலூட்டும் தாய் உட்கார நாற்காலி. தினமும் கால் லிட்டர் அளவில் தூய பால். வேலை நேரத்துக்குள் தாய்க்கு இரண்டு இடைவேளை, ஒவ்வொன்றும் குறைந்தது 15 நிமிடம். குழந்தை வளர்ப்பில் பயிற்சி பெற்ற பெண் ஒருவர் பொறுப்பில். பம்பாயின் பால கோலியிலிருந்து கால் லிட்டர் பாலுக்கு நாடு வர முப்பது ஆண்டுகள்கூட ஆகவில்லை. காகிதத்தில் இது பெரிய தாவல்தான்.

ஆனால் அந்தக் காகிதத்தை முதலாளியின் மேசையில் வைத்துப் பார்க்க வேண்டும்.

ஆலையில் 50 பெண்கள் இருக்கிறார்கள். ஐம்பத்தோராவது பெண் வேலை கேட்டு வாசலில் நிற்கிறாள். அவளைச் சேர்த்தால் ஓர் அறை, தொட்டில்கள், ஆயா, பால், இரண்டு பதினைந்து நிமிட இடைவேளை. அவளுக்குப் பதில் ஓர் ஆணைச் சேர்த்தால் ஒன்றுமே வேண்டாம். சட்டம் குழந்தையைக் காக்க நினைத்தது, எண்ணியது பெண்ணை. குழந்தைக்கு அப்பாவும் உண்டு, அவரும் அதே ஆலையில் தறி ஓட்டலாம் என்பது கணக்கில் வரவே இல்லை. நூறு ஆண் தொழிலாளர்களும் அவர்களுக்கு இருநூறு குழந்தைகளும் இருந்தாலும் பிரிவு 48 வாய் திறக்காது.

1976இல் ஒரு திருத்தம் வந்து 50-ஐ 30 ஆக்கியது. நல்ல நோக்கம். ஐம்பத்தோராவது பெண் முப்பத்தோராவது பெண் ஆனாள், அவ்வளவே. பல மாநிலங்களின் விதிகளில் இன்னொரு கதவும் இருந்தது. மணமான பெண்களும் விதவைகளும் இத்தனை பேருக்குக் குறைவாக இருந்தால் ஆலைக்குக் காப்பகத்திலிருந்து விலக்குக் கேட்கலாம். பெண்கள் வேண்டும், ஆனால் கல்யாணம் ஆகாதவர்களாக இருக்கட்டும் என்று சட்டமே காதோடு சொன்னது போல.

பம்பாய்ப் பருத்தி மில்களில் 1920களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் பெண். 1970களில் அவர்கள் சொற்பம். இதற்குக் காப்பகம்தான் காரணம் என்று சொன்னால் பொய்யாகிவிடும். நூல் சுற்றும் பிரிவுகளில் இயந்திரங்கள் வந்தன. இரவுச் சுற்று வந்தது, இரவில் பெண்கள் வேலை செய்யச் சட்டத்தடை இருந்தது. பெண்கள் நிலை பற்றிய மத்தியக் குழு 1974இல் அளித்த ‘சமத்துவத்தை நோக்கி’ அறிக்கை, ஒழுங்கமைந்த தொழில்களில் பெண்கள் குறைந்துகொண்டே போவதைப் பதிவு செய்தது. ஆலை நிர்வாகங்களைக் கேட்டால் காரணப் பட்டியலில் பேறுகாலச் செலவும் காப்பகச் செலவும் வந்துவிடும். உண்மையான காரணம் வேறாக இருந்தாலும் சொல்ல வசதியான காரணத்தைச் சட்டம் கையில் கொடுத்திருந்தது.

கொங்கு நாட்டு நூற்பாலைகளில் 1990களுக்குப் பிறகு பரவிய ‘சுமங்கலித் திட்டம்’ நினைவுக்கு வராமல் போகாது. தென் மாவட்டக் கிராமங்களிலிருந்து மணமாகாத இளம் பெண்களை மூன்றாண்டு ஒப்பந்தத்தில் அழைத்துவந்து, ஆலை விடுதியிலேயே தங்கவைத்து, முடிவில் கல்யாணச் செலவுக்கு மொத்தமாக ஒரு தொகை தருவதாகச் சொல்லும் ஏற்பாடு. மலிவான, எதிர்த்துப் பேசாத உழைப்புதான் அதன் முதல் நோக்கம். ஆனாலும் விளைவைப் பாருங்கள். ஆலை நிறையப் பெண்கள், தொட்டில் ஒன்றுகூடத் தேவையில்லை. தாலி கட்டும் நாளும் கணக்கு முடிக்கும் நாளும் ஒன்றாக வைக்கப்பட்ட வேலை அது.

செலவைப் பங்கு போட வேறு வழியே தெரியாமல் இப்படிச் செய்துவிட்டார்களா? வழி தெரிந்திருந்தது. உலகத் தொழிலாளர் அமைப்பு 1919இல் நிறைவேற்றிய பேறுகால உடன்பாடே, தாய்க்கான பணம் பொது நிதியிலிருந்தோ காப்பீட்டிலிருந்தோ வர வேண்டும் என்றது. இந்தியாவிலும் 1948இல், தொழிற்சாலைச் சட்டம் வந்த அதே ஆண்டில், ஈ.எஸ்.ஐ. எனப்படும் தொழிலாளர் காப்பீட்டுச் சட்டம் வந்தது. 1952இல் கான்பூரிலும் டெல்லியிலும் தொடங்கி 1955இல் கோயம்புத்தூருக்கு வந்தது. ஈ.எஸ்.ஐ.யின் அழகு அதன் எளிமையில் இருக்கிறது. ஆணோ பெண்ணோ, ஒவ்வொரு தொழிலாளியின் சம்பளத்திலும் முதலாளி ஒரு விகிதம், தொழிலாளி ஒரு விகிதம் கட்டுகிறார்கள். குழந்தை பிறக்கும்போது தாய்க்கு அந்தப் பொதுக் குடத்திலிருந்து பணம் போகிறது. பெண்ணை வேலைக்கு எடுத்தால் செலவு கூடாது, ஆணை எடுத்தால் குறையாது. பிரசவத்துக்கு இந்தக் குடம் உண்டு. பிரசவம் முடிந்து மூன்று மாதமோ ஆறு மாதமோ கழித்து அந்தக் குழந்தையை எங்கே விடுவது என்பதற்கு இல்லை. ஒரே ஆண்டில் வந்த இரண்டு சட்டங்களில் ஒன்று செலவைப் பகிர்ந்தது, மற்றது குறிவைத்தது. காப்பகம் தவறான சட்டத்தில் பிறந்துவிட்டது.

ஓரிடத்தில் மட்டும் ஏற்பாடு கொஞ்சம் ஒழுங்காக ஓடியது: தேயிலைத் தோட்டம்.

வால்பாறையிலும் நீலகிரியிலும் கொழுந்து பறிப்பது பெண்களின் கை. அந்தக் கையை ஆணின் கையால் மாற்றத் துரைமார்களுக்கு மனமும் இல்லை, கணக்கும் ஒத்துவரவில்லை. கொழுந்து துளிர்க்கும் மாதங்களில் பறிக்கும் நாள் தள்ளிப்போனால் இலை முற்றிவிடும். ஆகவே ஐம்பத்தோராவது பெண் இங்கே பயமுறுத்தவில்லை. ஐந்நூறு பெண்கள் ஏற்கெனவே மலைச்சரிவில் நின்றார்கள். 1951 தோட்டத் தொழிலாளர் சட்டம் காப்பகத்தைக் கட்டாயமாக்கியது. 1981இல் அதில் ஒரு வரி சேர்ந்தது: பெண்களின் எண்ணிக்கை ஐம்பதுக்குக் குறைந்தாலும் அவர்களுடைய குழந்தைகள் 20 பேர் இருந்தால் காப்பகம் வேண்டும். சட்டம் முதல்முறையாகக் குழந்தையின் தலையையும் எண்ணத் தொடங்கியது.

இலங்கை மலையகத்தில் இதற்குப் ‘பிள்ளை மடுவம்’ என்று பெயர். ‘பிள்ளைக் காம்பரா’ என்றும் சொல்வார்கள். கொழுந்து நிறுக்கும் இடம் கொழுந்து மடுவம், பிள்ளை விடும் இடம் பிள்ளை மடுவம். விடியலில் பெரட்டுக்கு, அதாவது ஆளெண்ணி வேலை பிரிக்கும் இடத்துக்குப் போகும் வழியில் பிள்ளையை இறக்கிவிட்டு, கொழுந்து நிறுக்க வரும்போது பாலூட்டி, மாலையில் தூக்கிக்கொண்டு லயத்து வீட்டுக்குத் திரும்புவது ஒரு நாள். மலையேற முடியாத வயதான பெண்தான் பெரும்பாலும் ஆயா. வரிசையாகத் தொங்கும் சேலைத் தொட்டில்களை ஒரு கயிற்றால் இணைத்து ஒரே கையால் ஆட்டும் வித்தை அவருக்குத் தெரியும். இதைச் சொர்க்கம் என்று யாரும் எழுத வேண்டாம். இருட்டு, ஈரம், மூத்திர வாடை, ஒரு பிள்ளைக்குச் சளி பிடித்தால் முப்பதுக்கும் பிடிக்கும். ஆனாலும் தாய் ஒரு காசு கொடுக்க வேண்டியதில்லை, இடம் வேலைக்கு நடக்கும் வழியில் இருந்தது, பாலூட்ட நேரம் இருந்தது. இன்று பெருநகரத்து ஐ.டி. அலுவலகத் தாய் தேடும் மூன்றும் இவைதான்.

தோட்டத்தில் முதலாளி ஒருவர், இடம் நிலையானது. கட்டட வேலையில் இரண்டும் இல்லை. மேஸ்திரி மாறுவார், தளம் மாறும், சித்தாள் மாறுவாள்.

1969இல் டெல்லி ராஜ்காட் அருகே காந்தி நூற்றாண்டுக் கண்காட்சிக்கு அரங்குகள் எழும்பிக்கொண்டிருந்தன. மீரா மகாதேவன் என்ற பெண்மணி அந்தப் பக்கம் போனபோது கண்டது, ஜல்லிக் குவியல்களுக்கு நடுவே வெயிலில் விடப்பட்ட கைக்குழந்தைகளை. தாய்மார்கள் தலையில் சட்டியோடு சாரம் ஏறிக்கொண்டிருந்தார்கள். காந்தியின் பெயரால் எழும் கட்டடத்தின் அடியிலேயே இந்தக் காட்சி. அவர் அங்கே ஒரு கூடாரம் போட்டார். குழந்தைகளை அதற்குள் கொண்டுவந்தார். ‘மொபைல் கிரீச்சஸ்’ அமைப்பு அப்படித்தான் பிறந்தது. தளம் முடிந்தால் காப்பகமும் மூட்டை கட்டும், அடுத்த தளத்தில் கூடாரம் எழும். ஒப்பந்தக்காரரிடம் போராடி ஓர் அறையும் தண்ணீரும் வாங்குவார்கள். பணியாளர் சம்பளத்துக்கு நன்கொடை திரட்டுவார்கள். 1844இல் பாரிஸில் மார்போ செய்ததைப் போலவே ஊரின் கருணையை நம்பிய ஏற்பாடு. சில பெருநகரங்களுக்கு மேல் அது விரிய முடியாமல் போனதற்கும் அதுவே காரணம்.

கட்டடத் தொழிலாளர்களுக்குத் தனிச் சட்டம் 1996இல் வந்தது. 50 பெண்களுக்கு மேல் வேலைசெய்தால் காப்பகம் என்று அதிலும் எழுதினார்கள். பழைய எண் மீண்டும் எட்டிப் பார்த்தது. ஒரே தளத்தில் பத்து மேஸ்திரிகளிடம் பிரிந்து கிடக்கும் சித்தாள்களை எந்த மேஸ்திரியின் கணக்கில் எழுதி ஐம்பதைத் தாண்டுவது? வேடிக்கை என்னவென்றால், அதே ஆண்டு கட்டுமானச் செலவில் 1 சதவீதம் தீர்வை வசூலித்து நல நிதி அமைக்கும் சட்டமும் வந்தது. ஈ.எஸ்.ஐ. போலவே ஒரு பொதுக் குடம். ஆயிரக்கணக்கான கோடி சேர்ந்து, செலவழிக்கப்படாமல் கிடந்ததை 2018இல் உச்ச நீதிமன்றம் கடுமையாகக் கேட்டது. பணம் ஓரிடத்தில், தொட்டில் பற்றிய கட்டளை வேறிடத்தில்.

சாரத்தின் குறுக்குக் கம்பில் தூளி கட்டிவிட்டு வேலை பார்க்கும் சித்தாளைத் தமிழ்நாட்டில் யாரும் புதிதாகப் பார்க்கப்போவதில்லை. தூளியை ஆட்டிக்கொண்டு பக்கத்தில் எட்டு வயதுப் பெண் ஒருத்தி உட்கார்ந்திருப்பாள். அவள் அக்கா. பள்ளிக்கூட நேரத்தில் அவள் ஏன் அங்கே இருக்கிறாள் என்று கேட்டால், காப்பகச் செலவை இந்த நாட்டில் இதுவரை யார் கட்டிவந்தார்கள் என்பதற்கு ஒரு பதில் கிடைக்கும்.

அரசு தானே காப்பகம் நடத்த முன்வராமலும் இல்லை. வேலைக்குப் போகும் தாய்களின் குழந்தைகளுக்கும் நோயுற்ற தாய்களின் குழந்தைகளுக்குமான மத்தியத் திட்டம் 1975இல் தொடங்கியது. தொண்டு நிறுவனங்கள் நடத்தும், அரசு மானியம் தரும், ஒரு காப்பகத்தில் 25 குழந்தைகள். 2006இல் அது ராஜீவ் காந்தி பெயரில் விரிந்தது. 2017இல் பெயரும் நிதிப் பங்கீடும் மாறின. அதுவரை மத்திய அரசு 90 சதவீதம் தந்தது. பிறகு 60 மத்திய அரசு, 30 மாநிலம், 10 நடத்துகிறவர். கட்டணம் வறுமைக் கோட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்கு மாதம் 20 ரூபாய், மேலே வருமானத்துக்கேற்ப 100, 200. பணியாளருக்கு மதிப்பூதியம் 3,000 ரூபாய், உதவியாளருக்கு 1,500. அந்த மூவாயிரத்தில் தன் குழந்தையை எந்தக் காப்பகத்தில் விட்டுவிட்டு அந்தப் பணியாளர் வேலைக்கு வந்தாரோ. பங்கீடு மாறிய சில ஆண்டுகளிலேயே, ஏறக்குறைய 20,000 என்ற அளவில் இருந்த காப்பகங்கள் 7,000-க்கும் கீழே இறங்கின. 2022இல் ‘பால்னா’ என்ற புதுப் பெயரில், 17,000 அங்கன்வாடிகளைக் காப்பகமாகவும் இயங்கவைக்கும் இலக்கோடு திட்டம் மறுபடி தொடங்கியது. ‘பால்னா’ என்றால் இந்தியில் தொட்டில்.

தமிழ்நாட்டுக்குக் கொஞ்சம் மூச்சுவிட இடம் தந்தது பாலவாடி. 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டத்தில் இரண்டு வயதுக் குழந்தையும் சேர்ந்தது. பசிக்குச் சோறு என்பதே அதன் நோக்கம். ஆனால் காலையில் விட்டு மதியச் சாப்பாட்டுக்குப் பிறகும் தூங்கவைக்கும் இடம் ஒன்று ஊருக்கு ஊர் கிடைத்ததால் நடவுக்கும் களையெடுப்புக்கும் போன தாய்களுக்கு அது இலவசக் காப்பகமாகவே பயன்பட்டது. இன்று மாநிலத்தில் ஏறத்தாழ 54,000 அங்கன்வாடிகள். சேர்க்கும் வயது அதே இரண்டு. பேறுகால விடுப்போ 26 வாரம், அதாவது ஆறு மாதம். ஆறு மாதத்திலிருந்து இரண்டு வயது வரை அந்தக் குழந்தை எங்கே? மார்போ பாரிஸில் கேட்ட கேள்வி, 180 ஆண்டுகள் கழித்து அதே வயதில் அப்படியே நிற்கிறது.

பணமாகக் கையில் கொடுக்கும் உதவியின் கதை இன்னும் விசித்திரமானது. யாருக்கு நிலையான சம்பளம் உண்டோ அவர்களுக்கே அதிகம் போனது. மத்திய அரசின் பெண் ஊழியர்களுக்கு ஆறாவது ஊதியக் குழுவுக்குப் பின் 2008இல் குழந்தை பராமரிப்பு விடுப்பு வந்தது: பணிக்காலம் முழுவதிலும் 730 நாள், சம்பளத்தோடு. பிறகு வந்த மாற்றத்தில் இரண்டாவது 365 நாளுக்குச் சம்பளம் 80 சதவீதமானது. மனைவியை இழந்த அல்லது தனித்து வாழும் தந்தைக்கும் அந்த விடுப்பு கிடைத்தது. இந்த வரலாற்றில் அப்பா தலைகாட்டும் அரிதான இடம் அது. தமிழ்நாடு அரசு தன் பெண் ஊழியர்களின் பேறுகால விடுப்பை 2011இல் ஆறு மாதம், 2016இல் ஒன்பது மாதம், 2021இல் ஓராண்டு என்று உயர்த்தியது. முதலாளியே இல்லாத ஏழைத் தாய்க்கு, பிரசவத்தால் இழக்கும் கூலியை ஈடுகட்டவும் சத்தான உணவுக்கும் என்று முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான திட்டம் தரும் தொகை 2006இல் 6,000 ரூபாய், 2018இல் 18,000. இந்த வரிசையில் யார் தலையையும் எண்ணாமல் அரசுப் பணம் நேரே தாய்க்குப் போகும் திட்டம் அதுதான். அதுவும் பிரசவத்தோடும் தடுப்பூசியோடும் நின்றுவிடுகிறது.

தனியார் சம்பளக்காரருக்கு? வருமான வரி விதிகளில் குழந்தைகளின் கல்விப்படிக்கு ஒரு விலக்கு உண்டு. அது குழந்தைக்கு மாதம் 100 ரூபாய் என்று இருந்தது, இரண்டு குழந்தைகள் வரை. ஒரு காலத்தில் 100 ரூபாய்க்கு மதிப்பு இருந்திருக்கும். பல பத்தாண்டுகள் அந்த எண்ணை யாரும் தொடவில்லை. விளையாட்டுப் பள்ளிக்குக் கட்டும் கல்விக் கட்டணத்தை வரிக் கழிவுக்குக் காட்டலாம். எட்டு மாதக் குழந்தையைப் பகல் முழுக்கப் பார்த்துக்கொள்ளும் காப்பகத்துக்குக் கட்டும் பணத்தைக் காட்ட முடியாது. ஏ, பி, சி சொல்லிக்கொடுத்தால் செலவு, தூங்கவைத்தால் இல்லை.

ஐம்பத்தோராவது பெண்ணின் கதை முடிவுக்கு வந்தது 2017இல். பேறுகாலச் சட்டத் திருத்தம், ‘50 அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியர்கள்’ உள்ள நிறுவனங்களுக்குக் காப்பகத்தைக் கட்டாயமாக்கியது. ஊழியர்கள், அதாவது ஆணும் சேர்த்து. ஐம்பது பேரும் ஆணாகவே இருந்தாலும் விதி பொருந்தும். தாய் நாளுக்கு நான்கு முறை குழந்தையைப் போய்ப் பார்க்கலாம் என்றும் எழுதினார்கள். 1934இலிருந்து 83 ஆண்டுகளில் நடந்த பெரிய திருத்தம் ‘பெண்கள்’ என்ற சொல்லை ‘ஊழியர்கள்’ ஆக்கியதுதான் என்றால் மிகையில்லை. 2020இல் இயற்றிய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் அதே எண்ணிக்கை முறையைத் தொடர்ந்தது.

ஆனால் அதே திருத்தம் 12 வார விடுப்பை 26 வாரமாக்கி, ஈ.எஸ்.ஐ. வரம்புக்கு வெளியே இருப்பவர்களின் சம்பளம் முழுவதையும் முதலாளி மேலேயே வைத்தது. காப்பக வாசலில் எடுத்துவிட்ட தடைக்கல் விடுப்பு வாசலுக்கு நகர்ந்தது. நேர்காணலில் “கல்யாணம் எப்போ?” என்று சிரித்துக்கொண்டே கேட்பவரின் மனதில் ஓடுவது இந்த 26தான். 2018 நவம்பரில் மத்தியத் தொழிலாளர் அமைச்சகம், மாதம் 15,000 ரூபாய் வரை சம்பளம் வாங்கும் பெண்களுக்கு ஏழு வாரச் சம்பளத்தை முதலாளிக்குத் திருப்பித் தரும் திட்டம் பரிசீலனையில் இருப்பதாக அறிவித்தது. தொண்ணூறு ஆண்டுகள் கழித்து அம்பேத்கரின் வாதத்தில் கால்வாசியை ஒப்புக்கொண்ட அறிவிப்பு. அறிவிப்போடு நின்றது.

இந்தச் சட்டங்கள் எதற்குள்ளும் வராதவர்கள்தான் அதிகம். திருநெல்வேலிப் பக்கம் வீட்டுத் திண்ணையில் மடியில் சுளகை வைத்துப் பீடி சுற்றும் பெண்ணுக்கு 1966 பீடித் தொழிலாளர் சட்டத்தின் காப்பகப் பிரிவால் பயன் இருந்ததில்லை. அது தொழிற்கூடத்துக்கானது, அவள் இருப்பது வீட்டில். வீட்டில் இருப்பதால் குழந்தையையும் அவளே பார்த்துக்கொள்கிறாள் என்று எல்லோரும் நினைத்துக்கொள்கிறார்கள். புகையிலைத் தூள் பறக்கும் இடத்திலேயே குழந்தை தவழ்கிறது.

நூறு நாள் வேலைக்காக 2005இல் வந்த சட்டம் இந்த விஷயத்தில் வேறு மாதிரி யோசித்தது. பெண்களை எண்ணாமல் குழந்தைகளை எண்ணியது. வேலைத்தளத்தில் ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் ஐந்து பேர் இருந்தால், வந்திருக்கும் பெண்களில் ஒருவரைக் குழந்தை பார்க்க நிறுத்த வேண்டும். மண் சுமப்பவருக்கு என்ன கூலியோ அதே கூலி அவருக்கும். பிள்ளை பார்ப்பதும் ஏரி வெட்டுவதும் ஒரே விலையுள்ள வேலை என்று இந்தியச் சட்டம் ஒன்று எழுதி வைத்தது அங்கேதான். தமிழ்நாட்டில் அந்த வேலைக்கு வந்தவர்களில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் பெண்கள். காலை எட்டு மணிக்குக் கண்மாய்க் கரையில் வருகைப் பதிவேட்டைத் திறக்கும் பணித்தளப் பொறுப்பாளர் ஆட்களை எண்ணி முடித்ததும், சட்டப்படி, வேப்பமரத்தடியில் இருப்பவர்களையும் எண்ண வேண்டும். நான்கு என்றால் அவர்களை அக்கா பார்த்துக்கொள்வாள்.